உங்கப்பாவை வைக்கோலில் கட்டிய கதை

சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்
22.11.2006

என் அன்பு மகள் ஜெசிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, அமிர்தம் அத்தை, தங்கதுரை மாமா நான்கு பேரும் உடம்பு அரிக்கிறதைத் தவிர மற்றபடி சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை பிரின்ஸும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கிற சின்னதும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் தினமும் சொல்லி வைக்கிறேன். அரிப்பு என்றதும் பயந்துவிடாதே, வியாதி ஒன்றும் இல்லை, எல்லாம் புல் பண்ணின வேலை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோதே சொல்லியிருப்பேன், ஆனால் உங்கப்பா எதிரிலேயே நின்றுகொண்டு அதைச் சொல்லாதே இதைச் சொல்லாதே என்று டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவருக்கு மத்தியான ஷிப்டு, சூளைக்குப் போயிருக்கிறார், அதனால் ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன். இதைப் படித்து முடித்ததும் அவருக்குப் போன் போட்டு, ஏம்பா வைக்கோல் எப்படி இருந்துச்சு என்று மட்டும் கேள், வேறு ஒன்றும் கேட்கவேண்டாம்.

இங்கே ஒரே அடைமழை. மணிமுத்தாற்றில் தண்ணீர் போகிறது, ஊரே பாலத்து மேல் நின்று வேடிக்கை பார்க்கிறது. துவைத்த துணி காயவில்லை, பீங்கான் கம்பெனியில் பொம்மையும் காயவில்லை, ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடும் என்று பாதிப்பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் மட்டும் மூச்சு விட நேரமில்லை. கிறிஸ்துமஸ் குடில் பொம்மை ஆர்டர். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஆடு, மாடு எல்லாவற்றையும் வைக்கோலில் சுற்றிச் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறோம். குழந்தை இயேசுவை மட்டும் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை, விரல் ஒடிந்துவிடும் என்று நானே சுற்றுகிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்டு மாதம் நீ போனில், ஜனவரியில நீ வந்துடுறியாம்மா என்று கேட்டாய். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம்மிடம் யாரும் சொல்லிக் கொடுத்து வருகிற வழக்கமா, நீ இங்கே வரமுடியாது என்றால் தாய் வீடு எழுந்து அங்கே வரவேண்டியதுதானே. அது எனக்குத் தெரியாதா. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் உங்கப்பா போனைப் பிடுங்கி, ஒங்கம்மாவுக்கு மார்கழி மாசத்துப் பனியே ஆவாது, கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்குப் போறதுக்கே மப்ளரு கட்டிக்கிட்டு வர்ற ஆளு, கனடாவுல பனி முட்டி வரைக்கும் கொட்டுமாமே, இவ அங்க வந்து வெறைச்சுப் போனா நான் யாருக்குப் பதில் சொல்றது என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். டிவியில் அந்த வெள்ளை வெளேர் என்ற ஊர்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த இடத்தில் போய் ஒரு பச்சைக் குழந்தை பிறக்கப்போகிறதா என்று சேனலை மாற்றிவிடுவேன். நீயும் பரவால்லம்மா, இங்க ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் பாத்துக்குவாங்க என்றாய். உன் பரவாயில்லையை எனக்குத் தெரியாதா ஜெசி. ஆறாவது படிக்கும்போது ஸ்கூல் டான்ஸில் உன்னைச் சேர்க்காமல் விட்டார்களே, அன்றைக்கும் இதே பரவாயில்லையைச் சொல்லிவிட்டுப் போய் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதவள்தானே நீ. அன்றிலிருந்து எனக்கு வேலையில் புத்தி இல்லை. நான் வாயே திறக்காமல் சோறு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து உங்கப்பாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது. ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே, சரி, ஒரு சோதனை வச்சுப் பாத்துடுவோம், வடக்க மலைப்பக்கம் போயி நாலு நாளு இருப்போம், குளிரு தாங்குனா கனடா, தாங்கலன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். நானும் சரி என்றேன். அவர் மனதில் இருந்த கணக்கு என்னவென்றால் நான் டெல்லி தாண்டுவதற்குள் ஊர் திரும்பலாம் என்று அழுவேன் என்பது.

இது எப்படியோ அமிர்தம் அத்தை காதுக்கு எட்டியது. உன் அத்தையைப் பற்றித் தெரியும்தானே, அவள் அண்ணன் மூத்திரம் பெய்யப் போனாலும் கூடப் போகவேண்டும் என்பாள். பனியில ஒரு போட்டோ புடிச்சுக்கணும் அண்ணி, செத்தாலும் பரவால்ல என்று மூட்டையைக் கட்டிவிட்டாள். அவள் வந்தால் தங்கதுரை மாமாவும் வரவேண்டும். மாமா மிலிட்டரியில் இருந்தவர், இந்தி தெரியும், நமக்கு உதவியாக இருக்கும் என்றாள். அவர் மிலிட்டரியில் இருந்ததெல்லாம் சிகந்திராபாத் கேண்டீனில். அவருக்குத் தெரிந்த இந்தி அத்தனையும் சோறு போடுவதற்கும் வரிசையில் நிற்கவைப்பதற்கும் மட்டும்தான் உதவும் என்பது போன பிறகுதான் தெரிந்தது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மறுவாரமே கிளம்பினோம்.

இப்போது உங்கப்பாவின் மூளையைப் பற்றிச் சொல்லவேண்டும். சூளையிலேயே கிடந்து அவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் சூளையாகத்தான் தெரிகிறது. ரயில் ஏறினதும் பாடம் ஆரம்பித்துவிட்டார். சூளையை அணைத்ததும் கதவைத் திறந்தால் என்ன ஆகும், குளிர்காற்று பட்டு உள்ளே இருக்கிற சாமானெல்லாம் பட்பட்டென்று விரிசல் விடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆறவிடவேண்டும், மனுஷ உடம்பும் அப்படித்தான், விருத்தாசலம் வெயிலில் இருந்து திடீரென்று பனிக்குள் போனால் நாமும் விரிசல் விட்டுவிடுவோம், ஆகையால் படிப்படியாக ஆறிக்கொண்டே போகவேண்டும் என்றார். மாமா தலையாட்டினார். அதன்படி சென்னையில் ஜன்னலைத் திறந்து வைத்தார். நாக்பூர் தாண்டினதும் எல்லார் போர்வையையும் பிடுங்கி மடித்து வைத்துவிட்டார். எதிர் சீட்டுக்காரர்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்து எங்களைப் பைத்தியக்காரர்களைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். டெல்லியில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்தார், அமிர்தம் போட்ட கூச்சலில் பக்கத்து ரூம்காரன் வந்து கதவைத் தட்டினான். நான் மட்டும் ஒரு சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தேன், எனக்கு வைத்த சோதனை அல்லவா. அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார், நானும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சிம்லா போய்ச் சேர்ந்தால் பனியும் இல்லை ஒன்றும் இல்லை. பளீரென்று வெயில், குளிர்காற்று, மரமெல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. பனி கொட்ட இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று லாட்ஜ்காரன் சொன்னதாக மாமா சொன்னார். அமிர்தத்துக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. அடுத்த நாள் ஒரு வேனை வாடகைக்குப் பிடித்து நார்கண்டா என்ற ஊருக்குப் போய் ஆப்பிள் தோட்டம் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவானது. கிளம்பும்போது நான் ஸ்வெட்டர், சால்வை, சாக்ஸ் எல்லாம் எடுத்தேன். உங்கப்பா அத்தனையையும் என் கையிலிருந்து வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். ஆறிக்கிட்டு வர்ற சாமான மறுபடியும் சூடேத்தக் கூடாது விமலா, நாளைக்குத்தான் ஸ்வெட்டரு என்றார். போகிற வழியில் கடைக்கடையாக நீளக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குத் தொங்கவிட்டிருக்கிறார்கள். டிரைவர் வேனை நிறுத்தி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினான். உங்கப்பா, வேணாம் வேணாம் போ என்று கையை வீசிவிட்டார். நான் ஒரு நூல் புடவை, மேலே ஒரு துண்டு. அமிர்தத்துக்கு மெல்லிசு வாயில் புடவை. உங்கப்பா அரைக்கைச் சட்டை. மாமா மட்டும் ஒரு கம்பளிக் குல்லாவைப் பேண்ட் பாக்கெட்டில் திருட்டுத்தனமாக வைத்திருந்தார், மிலிட்டரி மூளை அந்த மட்டும் வேலை செய்திருக்கிறது.

ஆப்பிள் தோட்டத்தில் ஆப்பிளே இல்லை, பறித்து முடித்துவிட்டார்கள். மொட்டை மரத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு மத்தியானம் திரும்பினோம். பாதி வழியில் வானம் பொம்மை அச்சில் ஊற்றக் கரைத்த மண்பால் மாதிரி ஆகிவிட்டது. முதலில் ஒன்றிரண்டு வெள்ளையாக வந்து கண்ணாடியில் ஒட்டியது. அண்ணி, எலவம் பஞ்சு பறக்குது என்றாள் அமிர்தம். அப்புறம்தான் அது என்னவென்று புரிந்தது. அடேயப்பா, நாலு கிழங்களும் போட்ட ஆட்டத்தை நீ பார்த்திருக்கவேண்டும். வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, நாக்கை நீட்டி, கையில் பிடித்து, அமிர்தம் தன் போட்டோவை எடுத்துக்கொண்டாள். கடிதத்தோடு வைத்திருக்கிறேன், அதில் அவள் சிரிக்கிற சிரிப்புதான் அந்த நாளின் கடைசிச் சிரிப்பு. கால்மணி நேரத்தில் காற்று வந்தது பார், காது மடலைப் பிய்த்துக்கொண்டு போவது மாதிரி. எதிரில் ரோடு தெரியவில்லை, சக்கரம் வழுக்கி வேன் பக்கவாட்டில் நகர்கிறது, அந்தப் பக்கம் பள்ளம். நான் அருள்நிறை மரியே ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன், அமிர்தம் எந்த வரி சொல்கிறோம் என்று தெரியாமல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். டிரைவர் வேனை ஒரு டீக்கடைப் பக்கம் ஒதுக்கி நிறுத்தி என்னவோ சொன்னான். பத்து நிமிசத்துல நின்னுடுமாம் என்று மாமா மொழிபெயர்த்தார். அதற்குள் டிரைவர் தன் பையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குள் ஓடிவிட்டான். பத்து நிமிஷத்துக்கு யாராவது போர்வை எடுத்துக்கொண்டு ஓடுவார்களா. நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

அது கடை என்றாலும் வீடு என்றாலும் ஒன்றுதான். தகரக் கூரை, மரப்பலகைச் சுவர், நடுவில் ஒரு சின்ன இரும்பு அடுப்பு. புருஷன், பெண்டாட்டி, ஆறேழு மாதக் குழந்தை ஒன்று. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு, மாட்டுக்குப் பக்கத்தில் குளிர்காலம் முழுவதற்கும் என்று சேர்த்து வைத்த காய்ந்த புல், கூரை வரைக்கும். டீ கொடுத்தார்கள், குடித்தோம், தொண்டை தாண்டினதும் அந்தச் சூடு எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த வீட்டில் இருந்ததே இரண்டு ரஜாய், அதுதான் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, ஒன்றை அவர்களாகவே எங்களுக்குக் கொடுத்தார்கள், நாலு பேருக்கு ஒரு ரஜாய் எந்த மூலைக்கு. ரோடு அடைத்துவிட்டது, காலையில் மண் தள்ளுகிற வண்டி வந்து பனியைத் தள்ளினால்தான் வழி என்று டிரைவர் கையாலேயே காட்டிவிட்டான், இதற்கு மாமாவின் இந்தி தேவைப்படவில்லை. அப்போதுதான் எல்லாரும் உங்கப்பாவைப் பார்த்தோம். மனுஷன் அரைக்கைச் சட்டையோடு சுவரில் சாய்ந்து, கையை அக்குளில் சொருகிக்கொண்டு, உதடு நாவற்பழம் சாப்பிட்டது மாதிரி ஆகி உட்கார்ந்திருக்கிறார். ஆறிட்டீங்களா இன்னும் ஆறணுமா என்று கேட்டேன். பல்தான் பதில் சொன்னது.

எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அந்த அரைஞாணைப் பிடித்து இழுத்திருப்பேன். ஆனால் அவர் கையைத் தொட்டதும் கோபமெல்லாம் போய்விட்டது ஜெசி, ஐஸ் மாதிரி இருந்தது, எனக்குப் பயம் வந்துவிட்டது. சாப்பிட எதையாவது கொடுக்கலாம் என்று முறுக்கு டப்பாவைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். கையில் வந்தது வாத்து. நான் எங்கே போனாலும் யாருக்காவது கொடுக்கலாம் என்று கம்பெனி பொம்மை ஒன்று எடுத்துப் போவேன் அல்லவா, அதுதான். இத்தனை ரயில், இத்தனை பஸ் மாறியும் வைக்கோலுக்குள் அலுங்காமல் குலுங்காமல் படுத்திருந்தது, மூக்கு கூட உடையவில்லை. நான் வாத்தைப் பார்த்தேன், உங்கப்பாவைப் பார்த்தேன், பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த புல்லைப் பார்த்தேன். ஒரு பொம்மைக்கு இவ்வளவு பந்தோபஸ்து, கட்டின புருஷனுக்கு ஒன்றும் இல்லையா என்று எழுந்து போய் இரண்டு கையாலும் புல்லை வாரினேன்.

கடைக்காரன் குதித்தான் பார். மாட்டுத் தீனியை ஒருத்தி அள்ளிக்கொண்டு போனால் யார்தான் சும்மா இருப்பார்கள். மாமா நடுவில் புகுந்து ஏதோ இந்தியில் சொன்னார், அதைக் கேட்டு அவன் இன்னும் அதிகமாகக் குதித்தான். நான் குறுக்கே போய் நின்றேன். வாத்தைக் காட்டினேன், வைக்கோலைக் காட்டினேன், வாத்தை அதில் சுற்றிக் காட்டினேன், அப்புறம் உங்கப்பாவைக் காட்டினேன். அவன் பெண்டாட்டிக்கு முதலில் புரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் உருளைக்கிழங்கு வந்த சாக்கு நாலைந்தும் கயிறும் கொண்டுவந்து போட்டாள். பொம்பளைக்குப் பொம்பளை பாஷை எதற்கு.

பேக்கிங் எப்படி என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் என்னோடு கம்பெனிக்கு வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அடியில் கனமாக ஒரு மெத்தை, சுற்றிலும் ஒரு சாண், சாமான் எங்கேயும் பெட்டி மரத்தில் முட்டக்கூடாது, ரொம்பவும் அழுத்தக்கூடாது, உள்ளே கொஞ்சம் காற்று நிற்கவேண்டும். சாக்கின் அடியில் ஓட்டை போட்டு உங்கப்பா தலையில் மாட்டி, சட்டைக்கும் சாக்குக்கும் நடுவில் புல்லைத் திணித்தேன். பேண்ட்டுக்குள் திணிக்கும்போது மட்டும், ஏய் விமலா, பொம்பளைங்கள்லாம் இருக்காங்க என்றார். நானும் பொம்பளைதான், சும்மா நில்லுங்க என்றேன். காலுக்கு ஒரு சாக்கு, இடுப்பில் கயிறு, கழுத்தைச் சுற்றி என் துண்டு. மூக்கு மட்டும் வெளியே. கடைசியில் என்ன செய்வோம், பெட்டியைக் குலுக்கிப் பார்ப்போம், உள்ளே சத்தம் வரக்கூடாது. உங்கப்பாவைத் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். உடம்பு ஆடவில்லை, பல் மட்டும் கடகடவென்றது. வாயில் ஒரு முறுக்கைக் கொடுத்தேன், அதுவும் நின்றது.

அப்புறம் மாமா. அப்புறம் அமிர்தம், வாயில் புடவ நூலு இழுத்துடும் அண்ணி என்று அழுதுகொண்டே கட்டிக்கொண்டாள். போர்வை வைத்திருந்த அந்த டிரைவரும் எழுந்து வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் எதிரில் நின்றான், அவனையும் கட்டினேன். என்னைக் கட்ட யார் இருக்கிறார்கள், அந்தக் கடைக்காரப் பெண்ணே கட்டினாள். கொசகொசவென்று திணித்தாள், இப்படியில்ல தாயி, இடுப்புல கொஞ்சம் தளர்த்தி என்று நான் தமிழில் சொல்ல, அவள் அவள் பாஷையில் ஏதோ சொல்ல, வேலை நடந்துவிட்டது. அமிர்தம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நம்ம கோயில்ல கட்ற குடிலு மாதிரியே இருக்குதே அண்ணி, மாடு இருக்குது, புல்லு இருக்குது, புள்ள இருக்குது, மூணு ராஜாதான் இல்ல என்றாள். தோ வரிசையா ஒக்காந்திருக்காங்களே, கண்ணு தெரியலயா என்று உங்கப்பா, மாமா, டிரைவர் மூவரையும் காட்டினேன். மாமா சாக்குக்கு மேல் அந்தக் குல்லாவையும் மாட்டியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நல்ல கதகதப்பாகிவிட்டது, நம்பமாட்டாய். பொழுது சாயும் நேரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று அந்தப் பெண் எழுந்தாள். எழுந்தவள் யோசிக்கவே இல்லை, குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் பதறிப்போய் என் சாக்கைப் பிளந்து புல்லை ஒதுக்கி நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டேன். அதற்கோ குளிர் என்றால் என்னவென்றே தெரியவில்லை. கன்னம் இரண்டும் தக்காளிப் பழம், காலை உதறிக்கொண்டு என் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறது. வெளியே காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது, இது என் நெஞ்சில் எச்சில் ஒழுகவிட்டுத் தூங்கிப்போய்விட்டது. ஜெசி, அப்போது நான் அழுதேன். இத்தனை நாள் பனியில் பிறக்கிற குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருந்தேனே, குழந்தைக்கு ஊர் எதுவானால் என்ன, பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் நானாக இல்லாமல் வேறு யாரோ ஒரு நர்ஸம்மாவாக இருக்கப்போகிறாள் என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

உங்கப்பா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மாமாவும் அமிர்தமும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கின பிறகு, சாக்கோடு நகர்ந்து நகர்ந்து என் பக்கம் வந்து மெதுவான குரலில் சொன்னார். விமலா, ஒனக்குக் குளிரு ஆவாதுன்னு நான் சொன்னதெல்லாம் சும்மா, நீ போயிட்டா எனக்குத்தான் ஆவாது, ஜெசி பொறக்குறதுக்கு நீ பெண்ணாடத்துல ஒங்கம்மா வூட்டுக்குப் போயி மூணு மாசம் இருந்தியே, அந்த மூணு மாசம் நான் வூட்டுக்கே போவாம சூளையிலயே படுத்துக் கெடந்தேன், யாருகிட்டயும் சொன்னதில்ல என்றார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி எனக்கே தெரியாது ஜெசி. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அவர் சூளையோரம் படுத்துக் கிடந்தது கண் முன்னால் வருகிறது. நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். அந்த மூணு மாசம் எனக்கு எங்கம்மா இருந்தாங்க, ஜெசிக்கு யாருங்க இருக்காங்க என்றேன். அவர் சாக்கோடு என் பக்கம் இன்னும் ஒட்டி உட்கார்ந்தார். அப்புறம், கழுத்துகிட்ட காத்து வருது, கொஞ்சம் இறுக்கிக் கட்டு என்றார். கட்டினேன்.

காலையில் வெயில் வந்தது, மண் தள்ளுகிற வண்டியும் வந்தது. புல்லைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவிழ்த்தால் அந்த மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, அதுவும் உங்கப்பாவிடமிருந்து எடுத்த புல்லை மட்டும். வாத்தை அந்தக் குழந்தை கையில் கொடுத்தேன், வாங்கினதும் அதன் தலையைச் சப்ப ஆரம்பித்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இருந்து வேன் வரைக்கும் பனியில் எப்படி நடப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். பாதத்தை முழுசாகப் பதித்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக, வாத்து மாதிரி. நீயும் அப்படித்தான் நட, வயிற்றுப் பிள்ளைக்காரி விறுவிறுவென்று நடக்காதே. லாட்ஜுக்கு வந்து சேர்ந்தபோது தலையெல்லாம் புல்லோடு எங்களைப் பார்த்து லாட்ஜ்காரன் உள்ளே விடமாட்டேன் என்றான். ரூமுக்குப் போனதும் உங்கப்பா அரைஞாணில் இருந்த சாவியை அவிழ்த்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஸ்வெட்டரெல்லாம் மடிப்புக் கலையாமல் சமர்த்தாக இருந்தது. அவர் தன்னுடையதைக் கூட எடுக்கவில்லை. சாவியை என் கையில் வைத்து, இந்தா, கனடா போற பொட்டி இதுதான், சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான். நான் அதை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஆகையால் ஜெசி, அம்மா வருகிறேன். அப்பாவுக்கு மார்ச்சு வரைக்கும் லீவு கிடையாது, அதனால் நான் மட்டும். அத்தை சோறு பொங்கிக் கொடுத்துவிடுவாள், அவர் இப்போதே டீ போடப் பழகுகிறார், நேற்று அவர் போட்ட டீயைத் தொட்டிச் செடிக்கு ஊற்றினேன். புத்தி மட்டும் திருந்தவில்லை. நெய்வேலியில் போய் ஒரு தடிக் கோட்டு வாங்கி வந்து, அதைப் போட்டுக்கொண்டு நான் மீன் ஐஸ் கம்பெனிக்குள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி நிற்கவேண்டுமாம், படிப்படியாக ஆறவேண்டுமாம். நீங்களே போய் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். உனக்குச் சுக்கு, மிளகு, பூண்டு லேகியம், நல்லெண்ணெய், குழந்தைக்கு அப்பாவின் பழைய வேட்டி கிழித்தது எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். உன் மாமியாரிடம் இந்தச் செய்தியை நீயாகச் சொல்லிவிடு, நான் சொன்னால் அவர்களுக்கு முந்திச் சொல்லவில்லை என்று குறை வரும். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, குனிந்து எதையும் தூக்காதே, மாப்பிள்ளை சமைக்கிறதை நன்றாக இல்லை என்றாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடு.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், சின்னது நல்லபடியாகத் தலை திரும்பி நேரத்துக்கு வரட்டும், நான் வந்து சேரும் வரைக்கும் அவசரப்படவேண்டாம் என்று ஆச்சி சொன்னதாக வயிற்றில் கை வைத்துச் சொல். விசாவுக்கு நீ அனுப்பவேண்டிய அழைப்புக் கடிதத்தை இதைப் படித்த அன்றைக்கே அனுப்பிவிடு, இதை மட்டும் மறந்துவிடாதே. வைக்கோல், புல் எதையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று தங்கதுரை மாமா எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து சொல்கிறார். போகட்டும் விடு. கை இரண்டும் என்னோடுதானே வருகிறது.

உன்னை முத்தமிடும் உன் அம்மா,
எஸ். விமலாராணி